அக்னி மூலைப் பந்தல்

அத்தியாயம் பதினேழு

பூமி பூஜை, பூமி பூஜை என்று சென்ற வாரம் முழுக்க அந்த வீடு அமளிப்பட்டதல்லவா, அந்த நாள் விடிந்தே விட்டது. தை மாத வாஸ்து நாள். சண்முகசுந்தரம் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தைத் தேடி வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தாட்சாயிணி நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினாள். காரணம் சொல்லத் தெரியாமல் அவளுக்கு மனசு கனமாக இருந்தது.

பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி, வீடுகள் முடிந்து முள்வேலி ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது நீலச்சுடர் மின் நிலையம். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை. பக்கத்துக் காலி மனையில் அதற்கு இரண்டாவது யூனிட் வரப்போகிறது. பூஜை அதற்குத்தான்.

வேண்டவே வேண்டாம் என்று ஊர் எதிர்த்த திட்டம் அது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாற்காலி பறந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஊரை வழிக்குக் கொண்டுவந்தவர் சண்முகசுந்தரம்தான். பாதுகாப்புத் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நீலச்சுடரில் மக்கள் தொடர்பு அதிகாரியாகச் சேர்ந்தவர். "நானும் குடும்பத்தோட இங்கதானே குடியிருக்கேன்? ஆபத்துன்னா இருப்பேனா?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. பூஜை நல்லபடியாக முடிந்தால் புது யூனிட்டின் நிர்வாகமே அவர் கைக்கு வரும் என்று பேச்சு.

தாட்சாயிணி அவருக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்க்கிறாள். கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் இன்ஜினியர். ஆலை ஓடுவதும் நிற்பதும் அவள் கைக்கெட்டும் தூரத்தில்.

மணையில் உட்கார ஒரு தம்பதி வேண்டும் என்றார் சாஸ்திரிகள். முதலாளியோ தனிக்கட்டை. "நம்ம பவ்யாவும் மாப்பிள்ளையும் உட்காரட்டுமே. சொந்தப் பொண்ணையே உட்கார வச்சிருக்கான்னு ஊரும் பார்க்கட்டும்" என்றார் சண்முகசுந்தரம். கொரட்டூர் சம்பந்தியம்மாள் சுலோசனாவுக்கு வாயெல்லாம் பல். ஆவணியில் கல்யாணம் ஆனதிலிருந்து பிள்ளை ஸ்ரீநாத்தும் மருமகளும் ஆளுக்கொரு லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு, முகம் கொடுத்துப் பேசாமல் திரிகிறார்கள் என்பது அந்த அம்மாளின் மனக்குறை. ஜோசியரும் ஒரு ஹோமம் சொல்லியிருந்தார். செலவில்லாமல் கம்பெனி கணக்கில் ஹோமம் கிடைத்தால் கசக்குமா?

காலையிலேயே கட்டுப்பாட்டு அறைக்கு இன்டர்காமில் சண்முகசுந்தரத்தின் குரல் வந்தது.

"தாட்சா, ஹோமத் தீயைப் பார்த்துட்டு உங்க சைரன் கத்திடாதே?"

"வாசல் பக்கத்து ஃபயர் சென்சாரை நிறுத்தி வைக்கச் சொல்லி மேனேஜர் ஜேம்ஸ் சார் உத்தரவு போட்டுட்டாரு. கத்தாது."

"கேஸ் யார்டு பக்கம் இருக்கறதையும் சேர்த்து நிறுத்திடேன்."

"பந்தல் வாசல்லதானே இருக்கு? அது எதுக்கு?"

"ஒரு சேஃப்டிக்குத்தான். முதலாளி முன்னாடி சைரன் அடிச்சா என் கதி என்ன ஆகும்? ஜேம்ஸ்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு."

சேஃப்டிக்காக சேஃப்டியை நிறுத்தச் சொல்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நிறுத்தினாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிறகு அவள் வெட்கப்பட வேண்டியிருந்தது.

கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏசியின் இரைச்சலுக்கு மேல் தூரத்தில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. மகள் இந்நேரம் மணையில் உட்கார்ந்திருப்பாள், மாம்பழ நிறப் பட்டு கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லையே என்று ஏக்கமாக இருந்தது.

வெளியே சுற்றிப் பார்க்கப் போன ஆபரேட்டர் முகமது இஸ்மாயில் திரும்பி வந்தான். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"இன்னா மேடம், பந்தலைத் தூக்கினு போய்ட்டாங்களே, தெரியுமா?"

"எங்க?"

"கேஸ் யார்டாண்ட. வேலியை ஒட்டியே போட்டுகீறாங்க. ஹோமம்னா அக்னி மூலைலதான் பண்ணணும்னு உங்க சம்பந்தியம்மா சொன்னாங்களாம். ஐயரும் ஆமான்னுட்டாரு. காலைலயே பந்தக்காரனுங்க அப்டியே கயட்டினு போய் அங்க நட்டுட்டானுங்க."

தென்கிழக்கு அக்னிக்குரிய மூலை. வீட்டில் அடுப்படி வைக்கிற மூலை. காலி மனையின் அந்த மூலைக்கு வேலியைத் தாண்டினால், பூமிக்கடியில் வந்த எரிவாயுக் குழாய் மேலே எழுந்து ஆலைக்குள் நுழையும் கேஸ் யார்டு இருக்கிறது. மனைக்கு மூலை பார்த்தவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை. தீயணைப்பு வண்டியோ, முதலில் சொன்னது சொன்னபடி வாசலிலேயே சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

தாட்சாயிணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கணவர் தெரிந்துதான் காலையில் இன்டர்காமில் கூப்பிட்டிருக்கிறார். பந்தலை மாற்றியதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திட்டுவதற்காக ரிசீவரை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. திரையில் ஒரு கட்டம் மஞ்சளாகியிருந்தது.

கேஸ் யார்டு வேலியோரத்து டிடெக்டர். காலையில் நிறுத்தியது தீயைப் பார்க்கும் சென்சார்; இது வேறு, காற்றில் எரிவாயு கலந்தால் சொல்கிற கருவி. அவள் அறிந்து அந்தக் கட்டம் பச்சையை விட்டு மாறியதே இல்லை.

"ஹோமப் புகையா இருக்குமோ மேடம்?"

"புகைக்கெல்லாம் இது அசையாது இஸ்மாயில். கேஸ் இருந்தாத்தான்."

இருவரும் திரையையே பார்த்தார்கள். எண் ஏறிற்று. கொஞ்சம் நின்றது. மறுபடி ஏறிற்று.

"ஏறிக்கினே கீது மேடம்" என்றான் அவன். குரல் இறங்கிவிட்டது.

மேஜை ஓரத்தில் கண்ணாடி மூடி போட்ட சிவப்புப் பட்டன். அழுத்தினால் ஆலை நிற்கும், எரிவாயு வரும் வழி அடைபடும். ஆனால் அதோடு முடியாது. குழாய்க்குள் மிச்சமிருக்கும் எரிவாயு முழுவதும் யார்டில் நிற்கும் போக்குக் குழாய் வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறும். வேலிக்கு அப்பால், அந்தக் குழாயின் பக்கத்திலேயேதான் இப்போது நெய் ஊற்றித் தீ வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் தீ அணைய வேண்டும். பிறகுதான் பட்டன்.

வாக்கி-டாக்கியில் செக்யூரிட்டியைக் கூப்பிட்டாள். மேளச் சத்தம்தான் பதிலாக வந்தது. கேஸ் யார்டு பக்கம் போகிற யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. எல்லா விதியையும் காற்றில் விட்டவர்கள் அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, போன்களை வாசலில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"நான் ஓடவா மேடம்?" என்று கதவு வரை போன இஸ்மாயில் நின்றான். "இல்ல மேடம். நான் போய் ஹோமத்துல தண்ணி ஊத்தினா வேற மாதிரி ஆயிடும். நான் சொல்றது எவன் காதுலயும் ஏறாது. அடிதான் வியும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அது உண்மையாக இருப்பதை நினைத்து தாட்சாயிணிக்குத் தலை குனிந்தது.

"நீ பட்டன்கிட்ட இரு. நான் வாக்கி-டாக்கியில சொன்னதும் அழுத்து. தீயணைப்பு வண்டி யார்டு பக்கம் வர வேண்டாம்னு சொல்லிடு, இன்ஜின் பொறியே போதும்."

"நீங்க சொல்றதுக்குள்ள ரெட்டுக்குப் போச்சுன்னா?"

அவள் வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வெயிலில் கண் கூசியது. ஹோமப் புகை பந்தலிலிருந்து யார்டு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. ஏரிக் காற்று. அந்தக் காற்றுதான் இதுவரை எரிவாயுவைத் தீயிடம் போகாமல் அப்பால் தள்ளியிருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டே ஓடும்போது புகை மெல்ல நிமிர்ந்து, நேராக நின்றது. காற்று விழுந்துவிட்டது.

பந்தலில் கூட்டம் நெருக்கியடித்தது. அன்று நாற்காலி வீசியவர்கள் இன்று முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பவ்யாவும் ஸ்ரீநாத்தும். அதிசயமாக இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பவ்யா அவன் கையைத் தொட்டுக்கொண்டு நெய்க் கரண்டியைச் சாய்த்தாள். மகள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன.

"என்னங்க, தீயை அணைக்கணும், இப்பவே" என்று கணவரின் தோளைப் பிடித்தாள்.

சண்முகசுந்தரம் திரும்பினார். அவர் முகம் ரத்தம் சுண்டி வெளுத்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அருகில் முதலாளி, அதற்கப்பால் ஊர்.

"அம்மா, பூர்ணாகுதி ஆகலையே, நடுவுல நிறுத்தப்படாது" என்றார் சாஸ்திரிகள்.

"கேஸ் கசியுது. எல்லாரும் வாசலுக்குப் போங்க!"

"கேஸா?" சுலோசனா மூக்கை உறிஞ்சிக் காட்டினாள். "எங்க வீட்டு சிலிண்டர் துளி கசிஞ்சாலே தெருமுனை வரைக்கும் நாறும். இங்க நெய் வாசனைதான் வருது. நல்ல காரியத்துல வந்து இது என்ன பேச்சு சம்பந்தி?"

கூட்டத்தில் பலரும் முகர்ந்து பார்த்தார்கள். தலையை ஆட்டினார்கள். சிலிண்டருக்கு அந்த நாற்றத்தைத் தனியாகக் கலந்து அனுப்புகிறார்கள், ஆலைக்கு வரும் குழாயில் அது கிடையாது என்று நின்று விளக்க நேரமில்லை. மேளக்காரர்கள் என்னவோ ஏதோ என்று வாசிப்பை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் அவளுக்குக் கேட்டது. வேலிக்கு அப்பால், விசில் வரப்போகும் குக்கர் மாதிரி, விடாத ஓர் இரைச்சல்.

தாட்சாயிணி குனிந்து, பூஜை செய்து வைத்திருந்த கலசத்தைத் தூக்கினாள். தேங்காய் உருண்டது. மாவிலை சிதறியது. கலச நீரை அப்படியே குண்டத்தில் கொட்டினாள்.

"அம்மா!" என்று அலறினாள் பவ்யா.

புகை குபுக்கென்று எழும்பியது. ஒரு பக்கம் இன்னும் கங்கு சிவந்து கிடந்தது. ஸ்ரீநாத் மாமியார் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு மணையை விட்டு எழுந்து, பூக்காரர் வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கிக் கங்கின் மேல் ஊற்றினான். ஒரு பொறி இல்லாமல் அணைந்தது.

"எழுந்திரு பவ்யா, அத்தை விளையாட மாட்டாங்க" என்று மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். அதற்குப் பிறகுதான் கூட்டம் நம்பியது. நம்பிய பிறகு நிற்கவில்லை, விழுந்தடித்து ஓடியது.

பந்தல் காலியாகும் வரை பொறுத்து, "அழுத்து இஸ்மாயில்" என்றாள் தாட்சாயிணி.

யார்டின் போக்குக் குழாய் வாய் பிளந்து சீறிற்று. தரை அதிர்ந்தது. ஏரிப் பறவைகள் மொத்தமும் மேலே எழும்பின. சத்தம் ஓய்ந்தபோது ஆலை நின்றுவிட்டிருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

வாசலில் சுலோசனா மட்டும் அழாமல் நின்றாள். மகனின் நனைந்த வேட்டியையும் மருமகளின் கலைந்த மாலையையும் பார்த்தாள்.

"வளர்த்த தீயைப் பெத்தவளே தண்ணி ஊத்தி அணைச்சாச்சு. என் பிள்ளை கையையும் அதுல சேர்த்தாச்சு" என்றாள். "இனிமே இதுங்க எப்படி வாழும்னு நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

தாட்சாயிணி மகளைப் பார்த்தாள். பவ்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினாள்.

மத்தியானம் ஆலை மேலாளர் ஜேம்ஸ் அறைக்குக் கூப்பிட்டார். ஏசியிலும் அவருக்கு வியர்த்திருந்தது.

"யார்டு முழுக்கப் பார்த்தாச்சு. எந்தக் கசிவும் இல்ல. டிடெக்டர்தான் கோளாறு."

"நான் என் காதால கேட்டேன் சார்."

"மேளத்தை அவ்வளவு கிட்ட நின்னு கேட்டா எல்லாருக்கும் காது உஸ்ஸுங்கும்."

"நான் ஒரு தடவை யார்டைப் பார்த்துட்டுப் போறேன்."

"வேண்டாம்" என்றார். சட்டென்று வந்த அந்த வார்த்தை அவருக்கே அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார். "ஓய்வு எடுங்க. நாங்க கூப்பிடற வரைக்கும் டியூட்டிக்கு வர வேண்டாம்."

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் இஸ்மாயில் காத்திருந்தான்.

"யார்டு கேட்டுக்கு வேற பூட்டு போட்டுட்டாங்க மேடம். நம்ம சாவி சேரல. வெளியாளு நாலு பேரு உள்ள போனானுங்க, யாருன்னே தெரியல." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். "நான் சொன்னேன்னு எங்கியும் சொல்லிடாதீங்க மேடம். எனக்கு ரெண்டு புள்ளைங்க."

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ஸ்ரீநாத்துக்குப் போட்டாள், சுவிட்ச் ஆஃப். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பூஜைக்கு அமர்த்திய வீடியோக்காரர் எடுத்ததை யாரோ போட்டிருந்தார்கள். கலசத்தைக் கவிழ்க்கிற இடம் மட்டும், திரும்பத் திரும்ப. கீழே, 'இந்த அம்மாவுக்கு மனநிலை சரியில்லையா?' என்று கேள்வி. தாட்சாயிணி போனைக் கவிழ்த்து வைத்தாள். பயமாக இருந்தது. தான் செய்தது சரி என்று தெரிந்தும் பயமாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் சண்முகசுந்தரம் வந்தார். நெற்றிச் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. கத்துவார், தட்டு பறக்கும், பதவி போச்சே என்று புலம்புவார் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"திட்டணும்னா திட்டிடுங்க" என்றாள்.



"அந்த கிளாம்ப் தாங்கும்னுதான் சொன்னாங்க தாட்சா" என்றார்.

தாட்சாயிணிக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த கிளாம்ப்?"

சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தார். அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"புது யூனிட்டுக்கு இணைப்பு கொடுக்கறதுக்காக நேத்து உன் ஷிப்ட் முடிஞ்சதும் யார்டு கேஸ் குழாயில ஒரு கிளை எடுத்தாங்க. ஒரு ஜாயின்ட்ல லேசா கசிஞ்சுதாம். மேல கிளாம்ப் போட்டு இறுக்கிட்டோம், பூஜை முடியட்டும், அப்புறம் ஆலையை நிறுத்திச் சரிபண்ணிக்கலாம்னு ஜேம்ஸ் சொன்னாரு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ உடனே நிறுத்திடுவே."

"அது தெரிஞ்சுமா பவ்யாவை அங்க உட்கார வச்சீங்க?"

"வாசல்லதான் தாட்சா உட்கார வச்சேன்! சம்பந்தியம்மா வந்து அக்னி மூலைன்னாங்க. வேண்டாம்னேன். ஏன் வேண்டாம்னு கேட்டாங்க." அவர் குரல் உடைந்தது. "சுத்தி ஊரே நிக்குது. ஒரு ஆபத்தும் இல்லன்னு இத்தனை நாளா வீடு வீடாப் போய்ச் சொன்னது நான்தானே. அந்தப் பக்கம் ஆபத்துன்னு அவங்க முன்னாடி எப்படி வாயைத் திறப்பேன்?"

தாட்சாயிணிக்கு இந்த மனுஷனை அப்போதுதான் முதல்முறை பார்ப்பது போல இருந்தது. கோபம் கூட வரவில்லை. மகள் நெய் ஊற்றிக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிஷமும் இவர் அந்தக் குழாயை நினைத்துக்கொண்டே பக்கத்தில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

போன் அடித்தது. பவ்யா.

"தாட்சா, அவகிட்ட சொல்லிடாதே" என்றார் சண்முகசுந்தரம் அவசரமாக.

தாட்சாயிணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கொஞ்ச நேரம் விசும்பல் மட்டும் கேட்டது.

"பவ்யா, அம்மா சொல்றதைக் கேளு..."

"நீ பேசாதே. உன் குரலே எனக்குக் கேட்க வேண்டாம்." அழுகைக்கு நடுவே வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. "மாமி என்னை வாசப்படி ஏத்தவே யோசிக்கறாங்க. எனக்கு யாரும் வேண்டாம். அப்பா ஒருத்தர்தான் நான் நல்லா இருக்கணும்னு நினைச்சு அங்க உட்கார வச்சார். அப்பாகிட்ட குடு."

தாட்சாயிணி போனைக் கணவரிடம் நீட்டினாள்.

"அப்பா... அப்பா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது குரல்.

அவர் கை நீளவில்லை.